வேரறுத்த காளான்

அக்டோபர் 9, புதன்

முந்தாநாள் இடித்த இடிக்கு இன்று ஊரே குனிந்து நடக்கிறது. காப்பித் தோட்டத்துக்குள் எதையோ தொலைத்தவர்கள் மாதிரி ஆளாளுக்குத் தரையைப் பார்த்துக்கொண்டு திரிகிறார்கள். தபால் பையோடு நிமிர்ந்து நடந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு இடம் தெரியும்.

காலையில் தபால் ஆபீஸைத் திறக்கும் முன்பே வாசலில் மூன்று கூடைகள். எங்கள் மலையில் காட்டுக் காளானை நான் பார்த்துச் சரி என்று சொல்லாமல் யாரும் அடுப்பில் ஏற்றுவதில்லை. இருபத்தாறு வருஷமாக இதுதான் வழக்கம். சம்பளம் தபால் இலாகா தருகிறது, மரியாதை காளான் தருகிறது.

என் சட்டம் ஒன்றே ஒன்று. வேரோடும் மண்ணோடும் கொண்டுவர வேண்டும். புற்றுக்காளானின் வேர் மண்ணுக்குள் ஒரு முழம்கூடப் போகும், கீழே கறையான் கூட்டில் போய் முடியும். புல்தரையில் பெரிதாக, வெள்ளையாக, தலையில் பழுப்புச் செதிலோடு முளைக்கிறதே, அதற்கு அந்த வேர் கிடையாது. தண்டின் அடி உருண்டையாக நின்றுவிடும். மற்றபடி பார்க்க இரண்டும் அக்கா தங்கை. புல்தரைக்காரிக்கு நான் வைத்திருக்கும் பெயர் மேனாமினுக்கி. தின்றால் இரண்டு மணி நேரத்தில் குடலே வெளியே வருகிற மாதிரி எடுக்கும். மஞ்சள் போட்டு வேகவைத்துப் பார்ப்பது, வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது எல்லாம் சும்மா. அவள் எந்தக் காசையும் கறுக்க வைக்க மாட்டாள்.

எனக்கே சந்தேகமாக இருந்தால் ஒன்றை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, "காலையில வா, சொல்றேன்" என்று அனுப்பிவிடுவேன். காலையில் சொன்னது இதுவரை தப்பியதில்லை. நான் கன்னிமார் சாமியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஊரில் பேச்சு. கேட்கிறேன் என்று நான் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. முத்திரைக்கட்டை, தராசு, பை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு ஆரஞ்சு மேட்டுக்குப் போனேன்.

பழைய ஆரஞ்சு மரங்கள் பட்டுப்போன இடம் அது. மலை முழுக்கக் கறுப்பு மண், அங்கே மட்டும் மஞ்சள் களிமண். அந்த மேட்டுப் புற்று என்னுடையது. காடு யாருக்குச் சொந்தமானாலும் சரி, புற்றை முதலில் பார்த்தவர் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து மேலே வைத்துவிட்டால் அந்த மழைக்கு அது அவருக்குத்தான். கொப்பு வைத்த புற்றில் கை வைப்பதும் அடுத்த வீட்டுச் சோற்றுப் பானையில் கை விடுவதும் இங்கே ஒன்று. மொட்டு விடும்போதே பார்த்து எட்டாம் தேதி கொப்பு வைத்திருந்தேன்.

இன்று கொப்பு நாலடி தள்ளிக் கிடக்கிறது. புற்றில் காளான் ஒன்றுகூட இல்லை. நாற்பது இடத்தில் தண்டு மட்டும் வெள்ளை வெள்ளையாக மண்ணோடு மண்ணாக நிற்கிறது. பன்றி கிண்டும், முள்ளம்பன்றி தோண்டும், இரண்டும் கத்தி வைத்து அறுக்காது. எங்கள் ஊர்க்காரர்களும் அறுக்க மாட்டார்கள், குச்சியால் நெம்பி வேரோடு எடுப்பார்கள். யாரோ வெளியாள்.

உட்கார்ந்து அழுதேன். காளானுக்காக அழுவாளா ஒருத்தி என்று இருந்தது, ஆனாலும் அழுதேன்.

அந்த இடம் தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் பவுனுத்தாயும். என் வீட்டுக்காரருக்கே தெரியாது. பவுனுவின் புருஷன் செத்த வருஷம், அவள் அடுப்பு மூட்டாமல் படுத்தே கிடந்தபோது, கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினேன். ஒன்பது வருஷம் ஆகிறது. ஆகவே யாரோ என் பின்னாலேயே வந்து பார்த்திருக்கிறார்கள். விடுதி நடத்துகிற ரெஜினால்டின் ஆட்களாகத்தான் இருக்க வேண்டும்.

அக்டோபர் 12, சனி

பவுனு வந்தாள். அடுத்த தெருவில் இருக்கிறாள். முறைக்கு நான் அவளுக்கு மதினி, அவள் எனக்கு மதினி. விஷயத்தைச் சொன்னதும் என்னைவிட அவளுக்குத்தான் ஆத்திரம்.

"கொப்பு வச்ச புத்துல கை வச்சவன் வெளங்குவானா மதினி? அவன் கையில புத்து வைக்க."

அப்படியே மண்ணை வாரித் தூற்றாத குறை. எனக்கு மனசு ஆறியது. போகும்போது ஒரு பை காளான் கொடுத்தாள். கழுவி, வேரை அறுத்து, மல்லிகைப்பூ மாதிரி சுத்தமாக இருந்தது.

"என்ன மதினி, வேரையெல்லாம் அறுத்துட்ட?"

"மண்ணோட கொண்டாந்தா வீடெல்லாம் சகதி. எனக்கும் நீ பாத்துத்தான் சொல்லணுமாக்கும்? ஓடைக்கு அந்தாண்ட புத்துல எடுத்தது. நெதம் பாக்குறதுதான. குழம்பு வையி."

வேர் இல்லாததைப் பார்ப்பதில்லை என்ற சட்டம் மதினிக்குச் செல்லாது. ஒவ்வொன்றின் தலையிலும் கூர்ப்பு இருந்தது, விளிம்பு வெடித்திருந்தது, புற்றுக்காளான்தான். குழம்பு வைத்தேன். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, "போன வருசம் நீ கொண்டாந்தியே, அதே ருசி" என்றார்.

எல்லாப் புற்றுக்காளானும் ஒரே ருசிதான் என்றேன். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

அக்டோபர் 19, சனி

மழை. ஒன்பது தபால். ரெஜினால்டுக்குப் பதிவுத் தபால், அவன் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கினேன்.

அக்டோபர் 29, செவ்வாய்

சாயங்காலம் பவுனு வீட்டில் இரண்டு பேருமாக அதிரசத்துக்குப் பாகு காய்ச்சினோம். ரெஜினால்டு விடுதி அடுப்படியில் அவளுக்கு நிரந்தர வேலை ஆகப் போகிறதாம். சரி, போகட்டும், அந்தத் திருடனிடம் இவளாவது நல்லபடியாக இருக்கட்டும். கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"மதினி, விடுதிப் புல்லுல வெள்ளை வெள்ளையா வந்திருக்கே. நல்லது எது, கெட்டது எதுன்னு நீ எப்படித்தான் கண்டுபிடிக்கிற?"

"நீ கொண்டா. நான் சொல்றேன்."

"நீ இல்லாதப்ப?"

"நான் எங்க போகப் போறேன்?"

"சொல்லித்தான் குடேன். எனக்கென்ன மண்டையில ஏறாதா?"

"அதுக்கெல்லாம் ஒரு ராசி வேணும் மதினி" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். பாகு பதம் தப்பப் பார்த்தது, அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

நவம்பர் 2, சனி

தீபாவளிக்கு வந்து ரெஜினால்டின் விடுதியில் தங்கியிருந்தவர்களில் ஐந்து பேரை மதியம் ஜீப்பில் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காளான் வறுவல் சாப்பிட்டார்களாம். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நிற்கவில்லையாம்.

எழுதக் கூசுகிறது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். திருட்டுக் காளான் தின்றால் இப்படித்தான் என்று நினைத்தேன். அப்புறம்தான் அதில் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒன்று இருப்பதாகச் சொன்னார்கள். சாமி கும்பிட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

குழந்தைக்குத் தேவலை. மற்றவர்களும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்களாம்.

காலையில் போலீஸ்காரர் ஒருவரும் ரெஜினால்டும் வந்தார்கள். அவனைக் கண்டதும் நான் முந்திக்கொண்டேன். என் புற்றை அறுத்தது யாரென்று அவனையே கேட்டேன். அவன் விழித்தான்.

"என்ன தபாலம்மா பேசுறீங்க? நீங்க பாத்துக் குடுத்ததுன்னு சொல்லித்தான ரெண்டு வருசமா வாங்குறேன். உங்க பேருக்காகத்தான வாங்குனேன்."

"யாரு சொன்னது?"

"பவுனுத்தாய் அக்காதான். நேத்திக்குக் காலையிலகூடக் கேட்டேன். தபாலம்மா பாத்தாச்சுன்னாங்க."

போலீஸ்காரர் கையில் இருந்த தாளிலும் அதேதான் இருந்தது. பவுனுத்தாய், காளானைத் தபால் ஊழியர் தவமணியிடம் காட்டியதாகவும், அவர் நல்லது என்று சொன்ன பிறகே சமையலுக்குக் கொடுத்ததாகவும். கீழே அவள் கையெழுத்து, கோணல் மாணலாக. அந்தக் கையெழுத்தை அவளுக்குப் பழக்கிவிட்டவளே நான்தான்.

ரெஜினால்டு செல்போனில் படம் காட்டினான். அக்டோபர் பத்தாம் தேதி, விடுதிச் சமையல் மேடையில் ஒரு குவியல். எல்லாம் வேரறுத்தது, கழுவியது. ஒன்றே ஒன்றில் மட்டும் கத்தி படாமல் சாண் நீளத்துக்கு வேர் தொங்கியது. அதில் மஞ்சள் களிமண்.

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. சுத்தத்துக்காக அறுக்கவில்லை. வேரில் ஒட்டிய மண்ணைப் பார்த்தால் எந்த இடம் என்று நான் சொல்லிவிடுவேன், அதற்காக அறுத்திருக்கிறாள். அறுத்து அறுத்துப் பழகியதில் வேரைப் பார்க்கிற வழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருக்கிறது. மேட்டில் காளான் தீர்ந்ததும் விடுதிப் புல்லில் முளைத்ததையும் அதே மாதிரி தரையோடு அறுத்துக் கொடுத்துவிட்டாள். வேர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அங்கே என்ன இருந்தது?

என்னிடம் திருடி, அதில் எனக்கே ஒரு பை கொடுத்து, திருடனைச் சேர்ந்து திட்டியும்விட்டுப் போனாள். அதை நான் குழம்பு வைத்தேன்.

நவம்பர் 4, திங்கள்

தபால் ஓவர்சியர் பால்ராஜ் சார் போன் செய்தார். விசாரணை முடிகிற வரைக்கும் நான் பையைத் தொடக் கூடாது. பதில் ஆளாக வீட்டுக்காரர் போகிறார். தபால் பை அவர் தோளில் தொங்குவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஓய்வு பெற நாலு வருஷம்தான் பாக்கி இருக்கிறது எனக்கு.

வேலைகூடப் போகட்டும். காலையில் மழை விட்டு வெயில் அடித்தது, வாசலில் ஒரு கூடை இல்லை. எதிர்வீட்டுச் செல்லம்மா தன் கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சாக்கடையில் போட்டுக்கொண்டிருந்தாள், நான் பார்க்கும்படியாக. நல்ல சிப்பிக்காளான், பட்ட மரத்தில் வருவது, குழந்தைக்குக்கூடக் கொடுக்கலாம். இங்கே கொண்டுவந்தால் சொல்லியிருப்பேன்.

பவுனு வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்தாள்.

"போலீசப் பாத்ததும் வாயில வந்ததச் சொல்லிட்டேன் மதினி. நீ கவர்மெண்டு ஆளு, உன்னைய யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாக. என்னையன்னா தூக்கி உள்ள வச்சிருவாக."

"ஆரஞ்சு மேட்டுல அறுத்தது நீதான?"

தலையைக் குனிந்துகொண்டாள். கதவைச் சாத்தவில்லை. "அன்னைக்கு அந்தச் சாபத்தை யாருக்கு விட்ட?" என்று கேட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

யாரோடும் பேசவில்லை. அரிசி களைந்தேன், துணி துவைத்தேன். வீட்டுக்காரர் தபாலை இரண்டு வீட்டுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நவம்பர் 8, வெள்ளி

ஊராட்சி அலுவலகத்தில் விசாரணை. உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஓர் அம்மா, கௌசல்யா என்று பெயர், என் மகள் வயதுதான் இருக்கும். ஊரே ஜன்னலில் தொங்கியது. பவுனு ஒரு மூலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள்.

விடுதிப் புல்லில் அன்று காலை முளைத்திருந்ததில் இரண்டு, புற்றுக்காளான் இரண்டு, நான்கையும் தண்டோடு அறுத்து மேசையில் வைத்தார்கள். நல்லது எது என்று அலுவலர் கேட்டார். வேர் இல்லாமல் நான் சொல்வதில்லை என்றேன்.

"அப்ப உங்களுக்கும் தெரியாதா? தெரியாமத்தான் சரின்னு சொன்னீங்களா?"

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு வாய் திறந்தது. இருபத்தாறு வருஷம் என் சமையலறைக்கு வெளியே வராததை அங்கே மேசை மேல் செய்து காட்டினேன். நான்கின் தண்டையும் கிள்ளி எறிந்தேன். குடையை மட்டும், மடிப்பு கீழே இருக்கும்படி வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே ஆளுக்கொரு டம்ளர் மூடினேன். "நாளைக்குக் காலையில வாங்க, சொல்றேன்" என்றேன்.

அறையைப் பூட்டிச் சாவியை அலுவலரே எடுத்துக்கொண்டார்.

நவம்பர் 9, சனி

டம்ளரைத் தூக்கியபோது எட்டிப் பார்த்தவர்களின் தலைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டன. புற்றுக்காளான் இரண்டும் தாளில் வெளிறிய ரோஸ் நிறத்தில் பொடி உதிர்த்திருந்தன. மேனாமினுக்கி இரண்டும் பச்சை, பாசிப் பச்சை. இளசாக இருக்கும்போது அதன் மடிப்பும் வெள்ளையாகத்தான் இருக்கும், ஆளை ஏமாற்றும், உதிர்கிற பொடி ஏமாற்றாது என்று விளக்கினேன். இதைப் பார்க்காமல் நான் சந்தேகமான ஒன்றையும் சரி என்று சொன்னதில்லை, வேரறுத்து வந்த கூடை எதையும் வெளியாருக்காகப் பார்த்ததுமில்லை என்றேன். அலுவலர் எழுதிக்கொண்டே வந்தார். பவுனுவிடம் திரும்பிக் கேட்டதும் அவள் ஒத்துக்கொண்டாள். தபாலம்மாவிடம் காட்டவில்லை, பெயரை மட்டும் சொன்னேன் என்றாள்.

ஊர் என் பக்கம் வந்துவிட்டது. அந்த நேரத்தில் செல்லம்மா என்னை அக்கா என்றாள், இதுவரை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

பவுனு மட்டும் எழுந்து வந்து அந்தப் பச்சைப் பொடியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா மதினி? ஒரு தாளும் டம்ளரும்தானா?"

அலுவலர் என்னைப் பார்த்து, "இந்த முறையை இவங்க உங்ககிட்ட எப்பவாவது கேட்டிருக்காங்களா?" என்றார்.

ஞாபகம் இல்லை என்றேன். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தால் மட்டும் திருடாமல் இருந்திருப்பாளா? என் பெயரைச் சொல்லாமல் இருந்திருப்பாளா? கொப்பை எடுத்துப் போட்டது அவள் கை. அதற்கு நான் என்ன பண்ண முடியும்.

நவம்பர் 15, வெள்ளி

நல்ல மழை. நடந்து போனபோது நாலைந்து வீட்டு ஜன்னலில் தாளும் கவிழ்த்த டம்ளரும் தெரிந்தன. எல்லோரும் பண்டிதர்கள் ஆகிவிட்டார்கள். என்னிடம் யாரும் வரவில்லை.

நவம்பர் 25, திங்கள்

பை திரும்பக் கிடைத்தது. ஓவர்சியர் வந்து கைகொடுத்தார். வீட்டுக்காரருக்கு என்னைவிடச் சந்தோஷம், முழங்கால் வலி விட்டது என்று.

டிசம்பர் 5, வியாழன்

இன்று பையில் ஏழு தபால். ஆறாவது, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால். உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து, பெறுநர் திருமதி பவுனுத்தாய்.

வீட்டுக்காரரைக் கொடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். வேலை என்னுடையது. போனேன்.

வாசலில் காப்பிக்கொட்டை உலர்த்திக்கொண்டிருந்தாள். விடுதி வேலை போய்விட்டது, தோட்டத்துக்குத்தான் போகிறாள் என்று தெரியும். உறையை வாங்கிக் கிழித்தாள். பார்த்தாள். என்னிடமே நீட்டினாள். எந்தத் தபால் வந்தாலும் அவளுக்குப் படித்துக் காட்டியவள் நான், அந்தப் பழக்கத்தில் நீட்டினாளா, வேண்டுமென்றே நீட்டினாளா, தெரியவில்லை.

"படிச்சுச் சொல்லு மதினி."

படித்தேன். விடுதி விருந்தினர்களுக்குப் பாதுகாப்பற்ற உணவுப் பொருளை வழங்கியது குறித்து. பதினேழாம் தேதி காலை பத்தரை மணிக்குக் கீழே அலுவலகத்தில் நேரில் ஆஜராக வேண்டும். தவறினால் மேல் நடவடிக்கை எடுக்கப்படும். பொறுமையாக, புரியும்படி, தேதியை இரண்டு தடவை சொன்னேன். மடித்துக் கொடுத்தேன்.

அவள் மறுபடி விரித்தாள். நடுவில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்த வரிய விட்டுட்டியே."

"எந்த வரி?"

"உன் பேரு இருக்குற வரி. எழுத்துக் கூட்டி நானும் படிப்பேன் மதினி. சொல்லிக் குடுத்தது நீதான."

அந்த வரியில், தபால் ஊழியர் தவமணி அளித்த வாக்குமூலத்தின்படி என்று இருந்தது. மேற்படி காளான்களை அடையாளம் காணும் முறை குறித்துத் தன்னிடம் யாரும் கேட்டதாக நினைவில்லை எனவும் அவர் தெரிவித்துள்ளார் என்று இருந்தது. அலுவலர் அதையும் விடாமல் எழுதியிருக்கிறார்.

"சத்தமாப் படி" என்றாள்.

படித்தேன். என் பெயரை நானே படித்தேன். பக்கத்து வீட்டில் அம்மிச் சத்தம் நின்றிருந்தது.

"நான் செஞ்சது தப்புத்தான். எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டேன்" என்றாள். "நான் கேட்டதே இல்லைன்னு நீ எழுதிக் குடுத்திருக்க."

ஒப்புகை அட்டையை நீட்டினேன். தாழ்வாரத்துத் தரையில் வைத்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுக் கொட்டையைக் கிளறப் போனாள்.

குனிந்து எடுத்துக்கொண்டேன். ஏழாவது தபால் செல்லம்மாவுக்கு, அதையும் கொடுத்துவிட்டு வந்தேன்.